கந்தபுராணம் 6 அங்குலத் திரையில்: பிடிஎஃப் மட்டும் ஏன் போதாது?

காஞ்சிபுரம் குமரக்கோட்டத்துக்குப் போகிறவர்கள், கச்சியப்பர் கந்தபுராணத்தை அரங்கேற்றியதாகச் சொல்லப்படும் மண்டபத்தையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள். 10,000 பாடல்களைத் தாண்டும் அந்த நூல் இன்று இணையத்தில் இலவசம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் அதை மின்னூலாக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால், கிண்டில் போன்ற இ-ரீடரில் அதை நிம்மதியாகப் படிக்க முடியுமா? அது கோப்பின் வடிவத்தைப் பொறுத்தது.

பிடிஎஃபில் என்ன சிக்கல்?

பிடிஎஃப் என்பது அச்சுத்தாளின் நகல். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ.; 6 அங்குல இ-ரீடர் திரையின் அகலமோ சுமார் 9 செ.மீ.தான். தாளில் 12 பாயிண்டில் இருந்த எழுத்து, திரையில் 5 பாயிண்டாகச் சுருங்கிவிடும். பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும். ஸ்கேன் செய்த புத்தகம் என்றால் இன்னும் மோசம். அதில் இருப்பது எழுத்தே இல்லை, படம்.

அப்போ இபப்?

இபப் கோப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால், வரிகள் திரைக்கு ஏற்பத் தாமே மடங்கிக்கொள்ளும். பார்வை மங்கிய பெரியவர்களுக்கு இதுதான் வசதி. 2022 முதல் கிண்டிலுக்கும் இபப் கோப்பை அனுப்பலாம். ஆனா, மாற்றினதோடு வேலை முடிஞ்சிடாது. மூன்று விஷயங்களைக் கவனிக்கணும்.

* ஃபான்ட்: பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்த கோப்பு, இ-ரீடரில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். பிடிஎஃபிலிருந்து நகலெடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறலாம்; ஒருமுறை படித்துத் திருத்துவது கட்டாயம்.

* இடைவெளி: தாய்லாந்தின் தாய் மொழியில் சொற்களுக்கு நடுவே இடைவெளியே விடமாட்டார்கள், வரியை எங்கே மடக்குவது என்று கருவி திணறும். தமிழுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் நம் சொற்கள் நீளம். இருபுறமும் சீராக்கினால் நடுவில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். இடப்பக்கம் மட்டும் சீராக்கினால் போதும்.

* செய்யுள்: விருத்தத்தில் நான்கு அடிகளின் தொடக்கத்திலும் எதுகை வரும். சின்னத் திரையில் ஓர் அடி இரண்டாக மடங்கினால், அடுத்த அடி எங்கே ஆரம்பிக்கிறது என்றே புரியாது. மடங்கும் பகுதியைச் சற்று உள்ளே தள்ளி வைத்தால் எதுகை பளிச்சென்று தெரியும்.

யார் செய்ய வேண்டும்?

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஏராளமான அரிய நூல்கள் ஸ்கேன் வடிவில் இருக்கின்றன. பழைய புத்தகம் அழியாமல் இருக்க அது அவசியம். ஆனால் பாதுகாப்பது வேறு, படிக்கக் கொடுப்பது வேறு. ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தன்னார்வலர்கள் இபப்போடு 6 அங்குல பிடிஎஃபும் சேர்த்தே வெளியிட்டு வழிகாட்டியிருக்கிறார்கள். காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாவின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. பதிப்புரிமைத் தடை கிடையாது. அவற்றிலிருந்தாவது தொடங்கி, பிழை திருத்திய இபப் பதிப்புகளை அரசே வெளியிட வேண்டும். மக்கள் பணத்தில் நாட்டுடைமையான நூல், மக்கள் கண்ணுக்கு எட்டும் அளவிலும் கிடைக்கணும் இல்லையா?