குறும்பி எடுக்கலாமா?

சென்ற மாதம் இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலே எமக்கு வேண்டிய குடும்பத்தாரைக் காணச் சென்றிருந்தோம். அவ்வீட்டிலே ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் உண்டு. நாம் சென்ற வேளை முதல் விடைபெற்ற வேளை வரை அவனைப் பற்றிய முறைப்பாடே பேச்சாக இருந்தது. கூப்பிட்டால் திரும்புவதில்லை, கடைக்கு அனுப்பினால் ஒன்று சொல்ல வேறொன்று வாங்கி வருகிறான், வகுப்பிலே கேள்வி கேட்டால் விழிக்கிறான் என்று பாடசாலையிலிருந்தும் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். "பெரியவங்க பேச்சுக் கேக்கிறதே இல்லைங்க" என்று குறைபட்டுக் கொண்டார் தாயார். அவர் கீழ்ப்படிதலை எண்ணிச் சொன்னார். பையனுக்கோ மெய்யாகவே பேச்சுக் கேட்கவில்லை.

இரு வாரங்களுக்கு முன் பீலியிலே தலை முழுகி வந்த நாள் தொட்டுக் காது அடைத்துக் கொண்டதாம். "எங்கேயோ தூரத்திலே மேளம் அடிக்கிற மாதிரி இருக்கு அப்பாயி" என்று பாட்டியிடம் மாத்திரம் சொல்லியிருக்கிறான். அப்பாயியும் சும்மா இருக்கவில்லை. பேரனை மடியிலே சாய்த்து, கொண்டை ஊசியால் குறும்பி எடுக்க முயன்றிருக்கிறார். மறுநாட் காலையிலே தலையணையில் இரத்தத் துளி. அச்சத்தினால் அதை அவர் எவரிடமும் சொல்லவில்லை. நாம் காதைப் பற்றி விசாரிக்கப் போகத்தான் அந்தச் செய்தி வெளிவந்தது.

மாத்தளை வைத்தியசாலைக்கு உடனே கூட்டிச் செல்லுமாறு சொல்லி வந்தோம். அங்கு பார்த்த வைத்தியர் கண்டியிலுள்ள நிபுணரிடம் அனுப்பி வைத்தார். இரு காதுகளிலும் குறும்பி கல்லைப் போல் இறுகியிருந்தது. ஒரு காதிலே ஊசி கீறிய புண். நுண்ணிய உறிஞ்சு குழாயால் இரண்டையும் துப்புரவு செய்தார்கள். நல்லகாலமாகச் செவிப்பறைச் சவ்வு தப்பியிருந்தது. அந்தச் சவ்வின் கனம் ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறையப் பத்திலொரு பங்குதான் என்பதை அறிந்தால், எவ்வளவு அருமையான தப்புதல் என்பது விளங்கும்.

குறும்பியை நாம் அழுக்கென்று எண்ணிப் பழகிவிட்டோம். அது உடலே விரும்பிச் செய்து கொள்ளும் காவற்பொருளாகும். வயது வந்தவரின் செவிக்குழாய் ஏறத்தாழ ஓர் அங்குல நீளமுடையது. அதன் வெளிப்புற மூன்றிலொரு பகுதியிலே மாத்திரம் குறும்பியைச் சுரக்கும் சுரப்பிகள் உண்டு. தூசியைப் பிடித்து வைப்பதும், தண்ணீர் தோலில் ஊறாது தடுப்பதும், கிருமிகளும் பூஞ்சணமும் வளராமற் செய்வதும் அதன் தொழில். உள்ளிருந்து வெளியே அதைக் கொண்டு வருவதற்கும் இயற்கை வழி செய்திருக்கிறது. செவிக்குழாயின் தோலே சவ்விலிருந்து வாயிலை நோக்கி, நகம் வளர்வது போல், மெல்ல மெல்ல நகர்கிறது. நாம் மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைந்து அதற்கு உதவுகிறது. மாணாக்கர் அறியத்தக்க ஒரு செய்தி: குறும்பி சிலருக்கு ஈரமாயும் சிலருக்கு உலர்ந்த செதிலாயும் இருப்பது ஒரேயொரு மரபணுவின் வேறுபாட்டினால் என்பதை 2006 இல் ஜப்பானிய அறிஞர்கள் கண்டறிந்தார்கள்.

ஆழத்திலே குறும்பி சுரப்பதே இல்லையென்றால், ஆழத்திலே அடைத்துக் கிடப்பது எப்படி? பெரும்பாலும் நாம் தள்ளி வைத்ததுதான். நம் முன்னோர் இதற்கெனக் குறும்பிவாங்கி என்றொரு கருவியே வைத்திருந்தார்கள். தமிழ் அகராதியிலே அச்சொல் இன்றும் இருக்கிறது. பின்னர் கோழியிறகு, தீக்குச்சி, பேனா மூடி, சாவி என்று கைக்கு அகப்பட்டதெல்லாம் காதுக்குள் நுழைந்தது. 1920களிலே அமெரிக்காவில் லியோ கெர்ஸ்டன்சாங் என்பவர் உண்டாக்கிய பஞ்சுக் குச்சி இன்று எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. அதன் பெட்டியிலேயே செவிக்குழாய்க்குள் விடக் கூடாதென்று அச்சிட்டிருப்பதை வாங்குவோர் படிப்பதில்லை. குச்சியின் நுனியிலே சிறிது மஞ்சள் ஒட்டி வருவதைக் கண்டு மகிழ்கிறோம். அதைப்போற் பல மடங்கு உள்ளே தள்ளப்பட்டதைக் காண்பதில்லை. கோழியிறகாற் காது குடைவதிலுள்ள சுகத்தை நாமும் அறியாதவரல்லோம். ஆயினும் குடையக் குடையத் தோல் புண்படும், புண் அரிக்கும், அரிப்பு மீண்டும் குடையச் சொல்லும்.

எண்ணெய் விடும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலைப்பக்கங்களில் மார்கழி, தை மாதக் காலைக் குளிரிலே தேங்காயெண்ணெய் போத்தலிலேயே உறைந்து நிற்கும். அதைக் கரண்டியில் எடுத்து அடுப்பிலே காட்டி, விரலால் தொட்டும் பாராமல் குழந்தையின் காதில் விடுகிறார்கள். வெந்துபோன செவிக்குழாயும் சுட்டுப்போன சவ்வும் இவ்வாறு உண்டாவனவே. சவ்விலே துளை இருக்குமாயின், விட்ட எண்ணெய் நடுச்செவிக்குள் இறங்கிச் சீழைக் கிளப்பிவிடும்.

அப்படியானால் அடைத்த காதுக்கு வீட்டிலே செய்யக்கூடியது யாது? முதலாவது, அது உபத்திரவம் தராதவரை ஒன்றும் செய்யாதிருத்தல். கேள்வி குறைந்தோ, காது கனத்தோ இருந்தால், மருந்துக்கடையிலே கிடைக்கும் தூய ஒலிவ எண்ணெயையோ சோடியம் பைகார்பனேற்றுச் சொட்டுமருந்தையோ வயது வந்தோர் உபயோகிக்கலாம். போத்தலைச் சிறிது நேரம் உள்ளங்கையிலே பொத்தி வைத்தாற் போதிய சூடு வந்துவிடும். பக்கவாட்டிற் படுத்து, அடைத்த காதை மேலே வைத்து, இரண்டு மூன்று துளி விட்டு, ஐந்து நிமிடமேனும் அப்படியே கிடக்க வேண்டும். ஒலிவ எண்ணெயாயின் நாளொன்றுக்கு மூன்று நான்கு தடவையாக, மூன்று முதல் ஐந்து நாட்கள் வரை இவ்வாறு செய்யலாம். சொட்டுமருந்துக்கு அதன் பெட்டியிலுள்ள அளவே அளவு. முதல் நாளிலே குறும்பி ஊறிப் பருத்து, கேள்வி முன்னிலும் குறைந்தது போலத் தோன்றலாம். அதற்காக அஞ்சி ஊசியை எடுக்க வேண்டாம். இளகிய குறும்பி இரண்டு வாரத்துக்குள் சிறுகச் சிறுகத் தானே வெளிவந்துவிடும். சிறுவருக்கு எந்தத் துளியையும் வைத்தியரைக் கேட்காமல் விடலாகாது.

காதிலே வலி, சீழ், இரத்தம், காய்ச்சல் இருந்தாலும், முன்பு சவ்வு கிழிந்தோ சத்திரசிகிச்சை நடந்தோ இருந்தாலும், எந்தத் துளியும் விடக் கூடாது. வைத்தியரே பார்க்க வேண்டும். இன்னொன்றை அழுத்திச் சொல்கிறோம். காரணமின்றி ஒரு காது சட்டென்று கேளாமற் போய், இரைச்சலோ தலைச்சுற்றோ சேருமாயின், அது குறும்பியாக இராமல் உட்செவி நரம்பின் நோயாக இருக்கலாம். அதற்குரிய சிகிச்சையைத் தொடங்க நாட்கள் முக்கியம். குறும்பிதான் என்று எண்ணி ஒரு வாரம் எண்ணெய் விட்டுக் காத்திருந்து, கேள்வியையே நிரந்தரமாக இழந்தவர்கள் உண்டு. அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போவது நலம்.

காதுக்குள் தண்ணீர் அடித்துக் கழுவும் முறையும் பழையது. அதன் சூடு உடற்சூட்டுக்கு ஒத்திருக்க வேண்டும். வியன்னா நகரத்து வைத்தியர் றொபேட் பாரணி, நோயாளருக்குக் காது கழுவும்போது தண்ணீர் குளிர்ந்திருந்தால் தலைசுற்றிக் கண்மணிகள் ஒரு திசையில் துடிப்பதையும், சூடாயிருந்தால் எதிர்த்திசையில் துடிப்பதையும் கவனித்தார். உடலின் சமநிலை உட்செவியிலே எவ்வாறு அமைந்திருக்கிறதென்பதை அதிலிருந்து ஆராய்ந்தார். அதற்காக 1914 ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு கிடைத்தபோது, பாவம், அவர் ருஷ்யரிடம் போர்க்கைதியாக இருந்தார். ஆகவே குளிர்ந்த பீலித் தண்ணீரைக் காதுக்குள் பாய்ச்சிக் கழுவுவதென்ற எண்ணத்தை எவரும் கொள்ள வேண்டாம். கையால் அழுத்தும் பெரிய உலோகப் பீச்சுகுழாயைக் கூட வயது வந்தோருக்கு உபயோகிக்க வேண்டாமென்று பிரித்தானிய வழிகாட்டி 2018 இலே சொல்லிவிட்டது. நீரின் விசையை அளந்து செலுத்தும் பொறி, உறிஞ்சு குழாய், பயின்ற கையிலுள்ள சிறு கருவி என்பனவே இப்பொழுது ஏற்கப்பட்டவை.

பத்துச் சிறுவரில் ஒருவருக்கும், முதியோரில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோருக்கும் குறும்பி மிகையாகச் சேர்ந்து அடைப்பதுண்டென்று 2017 இல் வெளியான அமெரிக்க வைத்திய வழிகாட்டி கூறுகிறது. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பிலே நால்வர் என்று வைத்துக் கொள்ளுங்கள். மந்தன், பிடிவாதக்காரன், கவனமில்லாதவன் என்று பட்டஞ் சூட்டப்பட்ட பிள்ளைகளுள் இவர்கள் எத்தனை பேரோ? பிள்ளைக்குப் பின்னால் நின்று, மெல்லிய குரலிலே பெயர் சொல்லி அழைத்துப் பார்ப்பதற்கு ஒரு நிமிடமும் ஆகாது. காதுகேட்கும் கருவி அணிந்த தாத்தாமாருக்குக் கருவியே குறும்பியை உள்ளே தடுத்து நிறுத்திவிடும். கருவி பழுதென்று கடைக்குக் கொண்டு போகுமுன் காதைக் காட்டிவிடுவது பணத்துக்கும் நல்லது.

நம் சிறுவன் கண்டியிலிருந்து திரும்பும் வழியிலே பஸ் வண்டியின் ஒலிப்பானைக் கேட்டு இரு காதையும் பொத்திக் கொண்டானாம். வகுப்பிலே முன்வாங்கிலே இருத்தியிருக்கிறார்கள். கொண்டை ஊசி அப்பாயியின் கொண்டைக்கே திரும்பிவிட்டது. இப்பொழுது தாயாரின் முறைப்பாடு வேறு: வீட்டிலே இரகசியமாய் எதையும் பேச முடியவில்லையாம்.