ஞாயிறு மதியம் மூன்று மணிக்குக் கூட்டம் வையுங்கள்

தென்னிந்தியத் திருச்சபை கோயம்புத்தூர் திருமண்டலப் பேராயர் அவர்களுக்கு,



தாராபுரத்தில் நம் திருச்சபைப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்களுக்காக இரண்டு காரியங்கள் கேட்கிறேன். பருவம் முடியும்போதெல்லாம் பள்ளியிலிருந்து வீட்டுக்கு ஒரு மடல் போக வேண்டும். தமிழில், அச்சடித்த தாளில். அதோடு, பெற்றோர் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்க வேண்டும். இது ஒரு பள்ளியின் மேல் சொல்லும் குறையல்ல. திருப்பூரை நம்பிப் பிழைக்கும் இந்தப் பக்கத்துப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் பொருந்துவதால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

கூட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டரைக்கு வெளியே வருவது. தாராபுரத்திலிருந்து திருப்பூர் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். குண்டடம் வழியாகப் போகிற பஸ்ஸிலோ கம்பெனி வண்டியிலோ ஏற வேண்டிய தாய், பிள்ளை எழுந்திருக்கும் முன்பே வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிறார். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம் என்று சீட்டு வந்தால் அவருக்கு அன்றைய கூலி மொத்தமும் போகும். சனிக்கிழமை சம்பள நாள், அன்று யாரும் லீவு போட மாட்டார்கள். அதனால் கூட்டத்துக்கு வருவது பாட்டிகளும் தாத்தாக்களும்தான். பிள்ளை கணக்கில் எங்கே தடுமாறுகிறது, யாரோடு பேசாமல் ஒதுங்கி உட்காருகிறது என்று ஆசிரியை பொறுமையாகச் சொல்வது, கேட்க வேண்டியவர் காதுக்குப் போய்ச் சேருவதில்லை. பெற்றோருக்கு அக்கறையில்லை என்று நம் ஆசிரியர்களே சில சமயம் சொல்லும்போது மனசு வலிக்கிறது. அக்கறை இருப்பதால்தான் அந்தத் தாய் பன்னிரண்டு மணி நேரம் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறார்.

ஞாயிறு ஆராதனை நாள் என்பது எனக்குத் தெரியும். ஆராதனை மதியத்துக்குள் முடிந்துவிடுகிறது; அதற்குப் பின் பள்ளி வளாகம் காலியாகத்தான் கிடக்கிறது. ஆசிரியர்களுக்கும் வீடு, குடும்பம் உண்டு. ஆகவே பருவத்துக்கு ஒரே ஒரு ஞாயிறு, அதற்கு ஈடாக வேறொரு நாள் விடுப்பு என்று திருமண்டலமே முறையாக அறிவித்தால் நல்லது. தலைமையாசிரியர் தானாக இதைச் செய்யத் தயங்குவார். உங்கள் கையெழுத்து இருந்தால் தயங்க மாட்டார்.

இதை ஏன் கல்வித் துறையிடம் கேட்காமல் உங்களிடம் கேட்கிறேன் என்றால், நம்முடையவை சிறுபான்மைப் பள்ளிகள் என்பதால் சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. 2012இல் வந்த திருத்தம், சிறுபான்மைப் பள்ளிகளில் அந்தக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் வேலை மட்டும்தான் என்றாக்கியது. 2014 மே மாதம் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டமே சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பு சரிதானா என்று ஐயம் எழுப்பி, தலைமை நீதிபதியின் பார்வைக்கு அனுப்பியிருக்கிறது. அது எப்படி முடிந்தாலும், அரசியல் சாசனத்தின் 30ஆம் பிரிவு நமக்குத் தந்திருக்கும் உரிமை பெரிது; அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. அரசு கேட்காத இடத்தில் பெற்றோருக்கு நாமே முன்வந்து பதில் சொன்னால்தான் அந்த உரிமைக்கு மரியாதை என்று நினைக்கிறேன்.

இனி மடல். இந்தப் பக்கம் கரூரிலும் தாராபுரத்திலும் ஊழியம் செய்தவர்கள் வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷனரிகள்.  அந்த மிஷனரிகள் பள்ளியையும் விடுதியையும் சபையையும் பற்றி விடாமல் எழுதினார்கள். எழுதியதெல்லாம் கடல் தாண்டி, பணம் அனுப்பியவர்களுக்குப் போனது. அவர்களை அனுப்பிய மிஷன் சங்கத்தின் கடிதங்கள் இன்றும் லண்டனில் சோவாஸ் நூலகத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அன்றைக்குப் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு யாரும் கடிதம் எழுதியதாகத் தெரியவில்லை. எழுதியிருந்தாலும் வாசிக்கத் தெரிந்தவர் குறைவு. இன்று கதை மாறிவிட்டது. கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கும் பெண்களில் பத்தாவது, பன்னிரண்டாவது படித்தவர்கள் ஏராளம். நம் பள்ளிகளிலேயே படித்தவர்களும் உண்டு. இப்போது அவர்களுக்கு எழுதலாம்.

என்ன எழுதுவது? மதிப்பெண்ணும் நூற்றுக்கு நூறும் பிளெக்ஸ் போர்டில் வந்துவிடும், அது மடலுக்கு வேண்டாம். கிறிஸ்துமஸ் நாடகத்தில் மேய்ப்பராக வந்த பையன் எந்தத் தெரு, அறுப்பின் பண்டிகைக்குப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த தேங்காயும் சுரைக்காயும் ஏலத்தில் எப்படிப் போயின, ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை எவ்வளவு தமிழ் பேசுகிறது என்று எழுதட்டும். நம் பள்ளிகளில் இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் நிறையப் பேர். கேரல் பாடுகிற குரல்களில் அவர்கள் குரலும் இருக்கிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு இது தெரிய வேண்டும். பிள்ளைகளும் எழுதட்டும். அச்சில் தன் பெயரைப் பார்த்த பிள்ளை அடுத்த பருவத்தில் பள்ளிக்குப் போக அடம்பிடிக்காது.

சாப்பாட்டைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். முதல்வரின் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15இல் ஊரகப் பகுதி உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்ட் 26இல் நகர்ப்புறத்துக்கும் விரிவானது. ஆறு மணிக்கே கிளம்பிவிட்ட தாய்க்கு, பிள்ளை இன்றைக்கு உப்புமாவை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டதா என்பதைவிடப் பெரிய செய்தி இல்லை. அதேபோல் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய், உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கும் 2024 டிசம்பர் 30 முதல் கிடைக்கிறது. ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போதே வீட்டில் இது தெரிந்திருந்தால், ப்ளஸ் டூ முடித்த கையோடு பெண்ணை மில்லுக்கு அனுப்பும் பேச்சு கொஞ்சமாவது தள்ளிப்போகும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். பல வீடுகளில் அந்த போன் தாயோடு கம்பெனிக்குப் போய்விடுகிறது. தாள் என்றால் வீட்டில் கிடக்கும், பாட்டிக்கு அக்கா வாசித்துக் காட்டுவாள், பக்கத்து வீட்டுக்கும் போகும்.

வரும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தொடங்கலாம் ஐயா. இரண்டு பக்க மடல் போதும். முதல் வருட அச்சுக்கூலியைப் பழைய மாணவர்கள் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். நாற்காலி எடுத்துப் போடுவது, டீ போடுவது, கூட்டம் முடிந்து மூலனூர், அலங்கியம் பக்கம் போகிறவர்களை பஸ் ஏற்றிவிடுவது எல்லாம் எங்கள் பொறுப்பு. உங்கள் சுற்றறிக்கை டிசம்பர் முதல் வாரத்துக்குள் தாளாளர்களுக்கு வந்துவிட்டால், கம்பெனியில் முன்கூட்டியே சொல்லி வைக்கப் பெற்றோருக்கு நேரம் கிடைக்கும்.

அன்புடன்,
தாராபுரத்திலிருந்து ஒரு பழைய மாணவன்