வரியை முறிப்பவர் யார்?

மாட்டுங்காவில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்குச் சென்ற மாதம் என் ஆய்வுச் சுருக்கத்தை மின்னஞ்சலில் அனுப்பினேன். தாராவித் தமிழரின் பேச்சில் இந்தி, மராத்திச் சொற்கள் கலக்கும் முறை பற்றிய நான்கு பத்திகள். மறுநாள் தொலைபேசியில் அழைத்தார். “என்ன தம்பி, சுருக்கம் கேட்டால் புதுக்கவிதை அனுப்பியிருக்கிறாய்?” என்றார். அவருடைய செல்பேசித் திரையில் ஒரு நீண்ட வரி, அடுத்து இரண்டே சொற்கள், மறுபடி ஒரு நீண்ட வரி, மறுபடி இரண்டே சொற்கள் என்று என் உரைநடை துண்டுதுண்டாகத் தொங்கியிருக்கிறது.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செம்பூரில் என் அறையில் இணைய இணைப்பு நிலையில்லாதது, மடிக்கணினியும் பழையது. ஆகவே அஞ்சல்களை இறக்கிவைத்துக்கொண்டு, டெர்மினலில் மட் நிரலில் படித்து, விம் எடிட்டரில் விடை எழுதுவது என் வழக்கம். ஆங்கிலத்தில் எழுதும்வரை இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. தமிழில் எழுதத் தொடங்கினால் சுட்டி ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் நிற்கும். இதனாலேயே, தமிழறிந்தோருக்குக்கூட ஆறு மாதமாக ஆங்கிலத்திலேயே எழுதிவந்தேன். மொழியியல் பயின்ற ஒருவன் தன் எடிட்டரின் வசதிக்காக மொழியை மாற்றிக்கொண்டான் என்பதை அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகே உணர்ந்தேன்.

வரி ஏன் முறிந்தது? அஞ்சல் கோப்பு என்று கண்டால், விம் தானாகவே வரியின் அகலத்தை 72 என்று வைத்துக்கொள்கிறது. அதைத் தாண்டும் சொல்லை, உண்மையான வரிமுறிவு ஒன்றை இட்டு அடுத்த வரிக்குத் தள்ளுகிறது. இந்த எண்ணுக்கு ஒரு பரம்பரை உண்டு. ஐபிஎம் நிறுவனத்தின் 1928ஆம் ஆண்டுத் துளையட்டையில் 80 பத்திகள். 1960களின் டெலிடைப் 33 இயந்திரத்தில் வரிக்கு 72 எழுத்துகள். 1978இல் வந்த விடி100 திரையில் மீண்டும் 80. மேற்கோள் குறிகளுக்கு இடம் விட்டு 72இல் நிறுத்துவது அக்காலத்தில் நல்ல பண்பு. இன்று படிப்பவர் கையில் இருப்பதோ 40 எழுத்துகூடக் கொள்ளாத செல்பேசித் திரை.

இதைவிட ஆழமான சிக்கல், எழுத்து என்றால் என்ன என்பதில் இருக்கிறது. டெர்மினல் ஒரு கட்டத்தாள். ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்பதே அதன் இலக்கணம். சீன எழுத்துக்கு இரண்டு கட்டங்கள், மேலே ஒட்டும் குறிக்குக் கட்டம் இல்லை என்று பிற்காலத்தில் விதிவிலக்குகள் சேர்ந்தன. பரவலாகப் பயன்பட்ட மார்க்குஸ் கூனின் அகலக் கணக்கு நிரல் யூனிகோடின் வகைப்பாட்டைப் பின்பற்றுகிறது. அவ்வகைப்பாட்டில் இகரக் குறி இடம் கொள்ளும் குறி. ஈகாரக் குறியும் புள்ளியும் இடம் கொள்ளாதவை. விளைவைப் பாருங்கள்: ‘கி’ இரண்டு கட்டங்கள், ‘கீ’ ஒரே கட்டம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று தொல்காப்பியம் வகுத்ததை இயந்திரம் தலைகீழாக்கிவிட்டது! எடிட்டர் ஒரு கணக்கும் டெர்மினல் வேறொரு கணக்கும் வைத்திருந்தால், ஒவ்வோர் உயிர்மெய்க்கும் சுட்டி சிறிது சிறிதாக விலகிக்கொண்டே போகும்.

எனவே என் கருத்து இது: அஞ்சல் எழுதும் எடிட்டரை அமைப்பது வெறும் தொழில்நுட்பச் சில்லறை வேலை அன்று. எது எழுத்து, வரி எங்கே முடிகிறது என்று முடிவுசெய்யும் உரிமை யாருக்கு என்பதே அங்குள்ள கேள்வி. எழுத்தின் அலகை மொழி தீர்மானிக்க வேண்டும். வரியின் நீளத்தைப் படிப்பவரின் திரை தீர்மானிக்க வேண்டும். எடிட்டர் இரண்டிலும் தலையிடக் கூடாது.

நான் மூன்று மாற்றங்கள் செய்தேன். முதலாவது, 72ஐ நீக்கினேன். பொது அமைப்புக் கோப்பில் அகலத்தைச் சுழியம் என்று வைத்தால் போதாது. சுழியத்தைக் கண்டால்தான் அஞ்சலுக்கான துணைக்கோப்பு 72ஐப் புகுத்துகிறது. அதற்குப் பின்னர் இயங்கும் தனிக்கோப்பில் சுழியத்தை எழுத வேண்டும். இப்போது ஒரு பத்தி ஒரே நீண்ட வரி. திரையில் மட்டும் அது மடிந்து தெரிகிறது. அஞ்சல் நெறிமுறை ஒரு வரிக்கு 998 பைட்டுகளுக்கு மேல் ஏற்காது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு என்பதால் பெரிய பத்தி அதைத் தாண்டிவிடும். ஆனால் மட் அதைக் குறியாக்கி மடித்து அனுப்பும். சேருமிடத்தில் மடிப்பு அவிழ்ந்துவிடும்.

இரண்டாவது, தமிழ் விசைப்பலகையைக் கணினி முழுவதற்கும் வைக்காமல் விம்மின் உள்ளேயே அமைத்தேன். அப்போது எழுதும் நிலையில் மட்டும் தமிழ் வரும். கட்டளை நிலையில் விசைகள் பழையபடி இயங்கும். மூன்றாவது, தமிழ் அஞ்சலுக்கு விம்மைத் தனிச் சாளரத்தில் திறக்கச் செய்தேன். முன்னணியிலேயே நிற்குமாறு அதற்குச் சொல்ல வேண்டும். இல்லையெனில் எழுதி முடித்தாயிற்று என்று மட் எண்ணிக்கொள்ளும்.

‘செல்பேசியிலேயே எழுதிவிட்டுப் போகலாமே’ என்று கேட்கலாம். தாராளமாக எழுதலாம், எல்லோருக்கும் டெர்மினல் வேண்டியதில்லை. ஆனால் ஒரு கருவி தமிழுக்கு ஒத்துவரவில்லை என்றதும் கருவியையோ தமிழையோ கைவிடுவது நம் மரபன்று. 1990களில் தமிழுக்கென ஒரு பொதுக் குறியீடு இல்லாதபோது, சிங்கப்பூர், மலேசியா, தமிழ்நாடு, மேலைநாடுகள் எங்கும் சிதறியிருந்த ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியாகவே விவாதித்துத் திஸ்கி குறியீட்டை உருவாக்கினார்கள். முத்து நெடுமாறன் தம் மென்பொருளுக்கு முரசு அஞ்சல் என்றே பெயரிட்டார். நம் மும்பைக்கும் இதில் பங்குண்டு. 1986இல் இங்கிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்துக்கும் ஐஐடிக்கும் இடையில்தான் நாட்டின் கல்வி வலையமைப்பின் முதல் தொலைபேசி இணைப்பு ஏற்பட்டது. அம்மையத்தை நடத்தியவர் ஸ்ரீநிவாசன் ரமணி. அவ்வளவு தொலைவு வந்தபின் ஒரு 72இடம் தோற்பதா?

சுருக்கத்தை ஆசிரியருக்கு மறுபடி அனுப்பினேன். இம்முறை அழைப்பு வரவில்லை. தமிழிலேயே விடை வந்தது. இரண்டாம் பத்தியில் மூன்று இடங்களில் ஒற்று மிகாது என்று எழுதியிருந்தார்.