புதுத் துறை வேண்டாம், இருக்கிறதைப் பாருங்கள்



கனடாவிலும் பிரான்ஸிலும் இருக்கிற பழைய மாணவர்கள் சிலர், தீவகத்துக் கடற்றொழிலாளருக்குப் புதிதாக ஒரு இறங்குதுறை கட்டித் தரலாமா என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல மனசு. ஆனால் என் பதில், வேண்டாம். கோபிக்க முதல் முழுவதையும் வாசியுங்கள். நாற்பது நிமிடப் பாடம் கேட்டவர்கள் இதற்கு ஐந்து நிமிடம் தரலாம்.

எங்களுக்குக் கட்டுவதில் குறைவில்லை. கட்டியதைப் பார்க்கத்தான் ஆளில்லை. திறப்பு விழாவுக்கு மாலை வரும், படம் பிடிக்க ஆட்கள் வருவார்கள், பெயர்க்கல்லும் வரும். அடுத்த வருசம் அந்தத் துறைக்கு ஒரு ரயர் வாங்கிக் கட்ட எந்தக் கணக்கில் காசு என்று கேளுங்கள். ஒரு கந்தோர் மற்றக் கந்தோரைக் காட்டும்.

கடலுக்குள் நிற்கிற கொங்கிறீற் எப்படி அழிகிறது? அலை அடித்து உடைவதைவிட உள்ளிருந்து வெடிப்பதுதான் அதிகம். தண்ணீர் ஏறி இறங்குகிற, தெறிக்கிற இடத்தில் தூண் நனைந்து நனைந்து காய்கிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உப்பு உள்ளே போகிறது. அது கம்பியை எட்டியதும் கறள் பிடிக்கும். கறள், தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் சீமெந்து பிளக்கிறது. முதலில் மயிரளவு கோடு, பிறகு பழுப்புக் கசிவு, பிறகு கட்டியாகக் கழன்று விழுதல்.

கோடு தெரியும்போதே கொத்தி, கறளைச் சுரண்டி, நல்ல கலவை பூசினால் ஒரு மேசனுக்குச் சில நாள் வேலை. கம்பி வெளியே தெரிந்தால் பெரிய செலவு. தூண் சாய்ந்தால் மறுபடி புதுத் துறை, மறுபடி மாலை, மறுபடி பெயர்க்கல். ஆயிரங்களில் முடிக்க வேண்டியதைக் கோடிகளுக்குக் கொண்டுபோய் விடுகிறோம்.

இதற்கிடையில் தொழிலாளிக்கு என்ன நடக்கிறது? உடைந்த விளிம்பில் பைபர் படகு உரசி ஓட்டை விழுகிறது. துறையில் கட்ட முடியாதவர் எட்டத்தில் நங்கூரம் போட்டு, எஞ்சினையும் வலையையும் தோளில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடக்கிறார். நண்டு உடையாமல் கரைக்கு வந்தால் ஒரு விலை, கால் முறிந்து வந்தால் வேறு விலை. நெடுந்தீவு, நயினாதீவு, எழுவைதீவு, அனலைதீவு நான்குக்கும் பெருநிலத்திலிருந்து வீதி இல்லை. ஐஸ் வருவதும் மீன் போவதும் நோயாளியை ஏற்றுவதும் கடல் வழியேதான். அங்கே துறை உடைந்தால் மற்ற ஊரில் பாலம் உடைந்ததற்குச் சமம்.

இழுவைமடியைப் பற்றி எல்லோரும் எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டும். 2017இல் சட்டம் கொண்டுவந்து தடை செய்த பின்பும் எங்கள் கடலை அது விடவில்லை. ஆனால் அந்தச் சண்டைக்கு இரண்டு நாடுகள் பேச வேண்டும். துறையின் கறளைச் சுரண்டுவதற்கு எந்த நாட்டின் அனுமதி வேண்டும்?

அயர்லாந்தைப் பாருங்கள். அதன் மேற்குக் கரையும் தீவுகளும் ஒரு காலத்தில் வறுமைக்குப் பேர்போனவை. 1891இல் அந்த வறிய மாவட்டங்களுக்கென்றே ஒரு சபை அமைத்து, சின்னச் சின்னத் துறைகளைக் கட்டினார்கள். இன்று அங்கே உள்ளூராட்சி சபைக்குச் சொந்தமான சிறு துறைகளைத் திருத்த அமைச்சு செலவில் 75 வீதம் வரை கொடுக்கிறது, மீதியைச் சபை போடுகிறது. துறைக்குச் சொந்தக்காரர் யார் என்பதும், காசு எங்கிருந்து வரும் என்பதும் எழுத்தில் இருக்கிறது. எங்களிடம் இல்லாதது அதுதான்.

"இது அரசாங்கத்தின்ர வேலை, நாங்கள் ஏன் குடுக்க வேணும்?" என்று சிலர் கேட்பீர்கள். அரசாங்கத்தின் வேலைதான். அதனால்தான் புதுத் துறை கட்டிக் கொடுக்காதீர்கள் என்கிறேன். கட்டிக் கொடுத்தால் அவர்கள் கை கழுவிவிடுவார்கள். "பாவிக்கிறவையே செலவழிக்கட்டும்" என்பவர்களுக்கு ஒரு கேள்வி: உங்கள் வீட்டு வாசல் வீதிக்குத் தார் போட்டவர் யார்? "சங்கத்தில காசு நிக்காது" என்பவர்களுக்கு: மூன்று பேர் கையெழுத்து, மாதம் ஒருமுறை கணக்கைத் துறையிலேயே ஒட்டுவது. கோயில் கணக்கை இப்படிக் கேட்கத் தெரிந்த ஊர்தானே நாங்கள்?

கோயில் என்றதும் நினைவு வருகிறது. பன்னிரண்டு வருசத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒரு உபயகாரர் உண்டு. தகப்பன் போனால் மகன் எடுப்பான். பராமரிப்பு என்றால் என்ன என்று எங்கள் சனத்துக்கு நன்றாகத் தெரியும். அந்த வழக்கத்தைக் கொஞ்சம் கடற்கரைக்கும் கொண்டு வாருங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஒன்று, கடற்றொழிலாளர் சங்கம் ஒவ்வொரு துறையையும் வாடைக்காற்றுக்கு முன்னும் பின்னும் பார்த்து, படம் எடுத்து, குறை எழுதி வைக்க வேண்டும். இரண்டு, அந்தத் துறை இன்னாருடைய சொத்து என்று பிரதேச சபையும் திணைக்களமும் எழுத்தில் ஒப்புக்கொண்டு, வருசா வருசம் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு தொகை ஒதுக்க வேண்டும். மூன்று, அவர்கள் ஒதுக்கினால்தான் உங்கள் காசு இறங்க வேண்டும், அதுவும் அவர்கள் பங்குக்குக் குறைந்த பங்காக. ரயர், ஏணி, விளக்கு, விளிம்புப் பூச்சு போதும். உங்கள் பெயரைக் கல்லில் வெட்ட வேண்டாம், கணக்குப் புத்தகத்தில் எழுதினால் போதும்.

பொறியியல் படித்த பிள்ளைகள் உங்களில் கனபேர். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஒரு காலை நேரம் ஒதுக்கி, வற்று நேரம் பார்த்துத் துறைக்குக் கீழே இறங்கித் தூண்களைப் பாருங்கள். கோட்டையும் கறளையும் படம் எடுத்துச் சங்கத்துக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அது நீங்கள் அனுப்பும் காசைவிடப் பெரிது.

இந்தப் பதிவின் கீழே "அருமை சேர்" என்று எழுத வேண்டாம். எந்தத் துறை, எந்த வருச உபயம் என்று எழுதுங்கள்.