வெற்றி வீரரின் கோபத்தை வளர்த்தது யார்?

அவருக்கு வயது 65. தலை நரைத்தவர். நாடறிந்த பெரிய மனிதர். அவர் எதிர்க் கல்லூரி மாணவன் ஒருவனைப் பிடித்து, கழுத்தில் ஓங்கிக் குத்தினார். டெலிவிஷன் வழியாக அமெரிக்கா முழுவதும் அதைப் பார்த்தது!

இது நடந்தது 1978 டிசம்பர் 29-ந் தேதி இரவு, புளோரிடா மாகாணத்து ஜாக்சன்வில் நகரில். குத்தியவர் பெயர் வூடி ஹேஸ். ஓஹையோ மாகாண சர்வகலாசாலையின் கால்பந்துப் பயிற்சியாளர். 28 வருஷங்களாக அந்த நாற்காலியில் அசையாமல் இருந்தவர். மறுநாள் காலையில் அவருக்கு வேலை இல்லை.

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது நம் ஊர்க் கால்பந்து அல்ல. அங்கே பந்து முட்டை வடிவமாக இருக்கும். அதைக் காலால் உதைப்பது குறைவு. கையில் ஏந்திக்கொண்டு ஓடுவார்கள்; அல்லது தூக்கி எறிவார்கள். எதிரிகள் மேலே பாய்ந்து தரையில் தள்ளுவார்கள். கல்லூரிப் பிள்ளைகள் ஆடும் இந்த ஆட்டத்தைப் பார்க்க, ஹேஸ் காலத்திலேயே கொலம்பஸ் நகர மைதானத்தில் 80 ஆயிரம் பேருக்கு மேல் கூடுவார்கள். அந்த ஊரில் சர்வகலாசாலைத் தலைவரின் பெயர் தெரியாதவர் இருக்கலாம். பயிற்சியாளரின் பெயர் தெரியாதவர் இருக்க முடியாது.

ஹேஸ் சாதாரணப் பயிற்சியாளரும் அல்ல. 1951-ல் வந்தவர், 205 பந்தயங்களில் அணியை ஜெயிக்க வைத்தார். 13 தடவை வட்டார சாம்பியன் பட்டம் வாங்கித் தந்தார். அவருடைய ஆட்டத்தில் வேடிக்கை குறைவு. பந்தைத் தூக்கி எறிவது அவருக்குப் பிடிக்காது. மூன்று கஜம், நாலு கஜமாக முட்டி மோதி முன்னேற வேண்டும்!

நல்ல மனிதர்தான்!

அவரைக் கெட்டவர் என்று யாரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. ஆங்கிலமும் சரித்திரமும் படித்தவர். இரண்டாவது உலக யுத்தத்தில் கடற்படையில் இருந்தவர். சம்பள உயர்வு கொடுத்தால் வேண்டாம் என்பார். ஆஸ்பத்திரிகளுக்குப் போய், முன்பின் தெரியாத நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார். வியட்நாம் யுத்தத்தின்போது அங்கே போய்ச் சிப்பாய்களைப் பார்த்து வந்தார். தம்மிடம் ஆடும் பையன்கள் படிப்பை முடித்துப் பட்டம் வாங்க வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார்.

ஏழை ஆட்டக்காரர்களுக்குக் கைச் செலவுக்குத் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்தும் இருக்கிறார். அது விதிக்கு விரோதம். 1955-ல் ஒரு விளையாட்டுப் பத்திரிகை விசாரித்தபோது அவர் அதை மறைக்கவில்லை. அதனால் 1956-ல் சர்வகலாசாலைக்குத் தண்டனை வந்தது. இரக்கப்பட்டுக் கொடுத்த பணம்தான். ஆனாலும் விதி விதிதானே!

இப்படிப்பட்ட மனிதருக்குப் பத்திரிகைக்காரர்களைக் கண்டால் மட்டும் ஏன் ஆகவில்லை?

ஜெயித்த நாளில் அவர் நிருபர்களிடம் மணிக்கணக்காகப் பேசுவார். யுத்த சரித்திரமெல்லாம் சொல்லுவார். தோற்ற நாளில் கதை வேறு. பதில் வராது. வந்தாலும் சீறலாக வரும். தோல்வியை யாரும் உற்றுப் பார்ப்பது அவருக்குப் பொறுக்காது. பேனாக்காரராவது கொஞ்சம் தள்ளி நிற்பார். காமிராக்காரர் என்ன செய்வார்? கிட்டத்தில் வந்து முகத்தைப் பிடிக்க வேண்டியது அவர் வேலை ஆயிற்றே!

1973 ஜனவரி முதல் தேதி, கலிபோர்னியாவில் ரோஸ் பவுல் பந்தயம். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பத்திரிகைப் போட்டோக்காரரின் காமிராவைப் பிடித்து, அவர் முகத்தின் மேலேயே தள்ளினார் ஹேஸ். கண்ணோடு சேர்ந்திருக்கும் கருவி அது. விபரீதமாகியிருந்தால் பார்வையே போயிருக்கும். போலீஸ் வரை புகார் போனது, பிறகு கைவிடப்பட்டது. அன்றைய பந்தயத்தில் 42-க்கு 17 என்று ஹேஸ் அணி தோற்றது.

1977 நவம்பரில் பரம வைரியான மிச்சிகன் அணியோடு பந்தயம். முக்கியமான கட்டத்தில் ஓஹையோ ஆட்டக்காரர் கையிலிருந்து பந்து நழுவியது. அந்த நொடியில் ஹேஸின் முகத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்த டெலிவிஷன் காமிராக்காரரின் மேல் அடி விழுந்தது. இதையும் நாடே பார்த்தது. வட்டாரச் சங்கம் என்ன செய்தது? ஒரு வருஷம் கண்காணிப்பில் வைத்திருப்பதாக எச்சரித்தது. அவ்வளவுதான்!

பந்தயத்துக்குப் பந்தயம் அவர் வழக்கம்போல வந்து நின்றார். ஜனங்கள் வழக்கம்போலக் கைதட்டினார்கள். “கிழவருக்குக் கோபம் ஜாஸ்தி” என்று சிரித்தவர்களும் உண்டு.

அடக்கத் தெரியாதவரா?

கோபம் அவர் பிறவிக் குணம், அவரால் அடக்க முடியாது என்று சிலர் பரிந்து பேசினார்கள். அது சரியல்ல. 1961-ல் நடந்ததைப் பார்த்தால் தெரியும்.

அந்த வருஷம் அவர் அணிக்கு ரோஸ் பவுல் பந்தயத்தில் ஆடும் தகுதி கிடைத்தது. ஆனால் ஆசிரியர் சபை கூடி, போக வேண்டாம் என்று ஓட்டுப் போட்டது. வேண்டாம் என்றவர்கள் 28 பேர். போகலாம் என்றவர்கள் 25 பேர். படிப்பை விட விளையாட்டு பெரிதாகிவிட்டது என்று பேராசிரியர்கள் கவலைப்பட்டார்கள். மாணவர்கள் கொதித்தெழுந்து தெருவுக்கு வந்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று, வேண்டாம் என்று ஓட்டுப் போட்ட பேராசிரியர்களின் பெயர்களையும் விலாசங்களையும் அச்சிட்டது! கூட்டம் ஆத்திரத்தோடு அலையும் ஊரில் வீட்டு விலாசத்தைப் போடுவது எந்தப் பத்திரிகை தர்மம்?

அன்றைக்கு ஹேஸ் ஒரு வார்த்தை தூக்கிச் சொல்லியிருந்தால் ஊரே பற்றி எரிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. தமக்கு அந்த முடிவில் சம்மதம் இல்லை என்றாலும், ஓட்டுப் போட்டவர்களின் நேர்மையை மதிப்பதாகச் சொல்லி ஒதுங்கிக்கொண்டார்.

ஆக, அடக்கத் தெரிந்தவர்தான். அடக்க வேண்டிய இடம் எது, வேண்டாத இடம் எது என்று பின்னால் அவருக்கு யாரோ கற்றுக் கொடுத்துவிட்டார்கள். போட்டோக்காரரை அடித்தால் ஒன்றும் ஆகாது என்று கற்றுக் கொடுத்தது யார்? புகாரோடு விட்டவர்கள், எச்சரிக்கையோடு விட்டவர்கள், ஜெயித்தால் போதும் என்று இருந்தவர்கள், எல்லோரும்தான்.

கடைசிப் பந்தயம்

ஜாக்சன்வில் இரவுக்கு வருவோம். கிளெம்சன் கல்லூரி அணி 17, ஓஹையோ 15. இன்னும் இரண்டே நிமிஷம். எறிதலை நம்பாத ஹேஸின் அணி அன்று பந்தை எறிந்தது. கிளெம்சன் மாணவன் ஒருவன் அதைப் பறித்துக்கொண்டு ஓடி, ஹேஸ் நிற்கும் பக்கத்திலேயே எல்லைக்கு வெளியே விழுந்தான். அவன் எழுந்ததும் குத்து விழுந்தது.

இதிலும் ஒரு வேடிக்கை. டெலிவிஷனில் பந்தயத்தை வருணித்தவர்கள் இந்தக் குத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. தாங்கள் பார்க்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். ஆனால் காமிரா பார்த்துவிட்டது. வீடுகளில் இருந்தவர்களும் பார்த்துவிட்டார்கள்.

விளையாட்டு இலாகாவின் தலைவர் ஹியூ ஹிண்ட்மேன், ஒரு காலத்தில் ஹேஸிடம் ஆட்டம் கற்றவர். பிறகு அவருக்கு உதவியாளராகவும் இருந்தவர். குருவிடம் போய், ராஜினாமா செய்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டிய கஷ்டம் சிஷ்யனுக்கு வந்தது. குரு மறுத்துவிட்டார். அது உங்களுக்குச் சுலபமாகப் போய்விடும், நீங்களே என்னை நீக்குங்கள் என்றார். நீக்கினார்கள்.

நீக்கியது நியாயமே. ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். அடிபட்டவன் ஆட்டக்காரனாக இருந்தபோது ஒரே ராத்திரியில் 28 வருஷ வேலை போயிற்று. பதின்மூன்று மாதங்களுக்கு முன் அடிபட்டவர் காமிராக்காரராக இருந்தபோது வெறும் எச்சரிக்கை. கூலிக்குக் காமிரா தூக்குகிறவர் முகம் மட்டும் மலிவா? அந்த முதல் அடிக்கே தக்க தண்டனை கொடுத்திருந்தால், கிழவர் கௌரவமாக ஓய்வு பெற்றிருக்கலாம். அந்தப் பையனும் குத்து வாங்கியிருக்க மாட்டான்.

வேலை போன பிறகும் ஹேஸ் அதே கொலம்பஸ் நகரில்தான் இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதை விடவில்லை. 1986-ல் அதே சர்வகலாசாலை அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்து, பட்டமளிப்பு விழாவில் பேசவும் அழைத்தது. பெற்ற உதவியை அடுத்தவருக்குச் செய்யுங்கள் என்று மாணவர்களுக்குச் சொன்னார். மறு வருஷம் மார்ச் 12-ந் தேதி காலமானார். முன்னாள் ஜனாதிபதி நிக்சன் வந்து இரங்கல் உரை ஆற்றினார். மைதானத்துக்குப் பக்கத்துச் சாலை இன்று அவர் பெயரால் அழைக்கப்படுகிறது.