பனிச்சங்கேணிக்கு வரும் விருந்தினர் யார்?

மட்டக்களப்பிலிருந்து வடக்கே வாழைச்சேனையைக் கடந்து திருக்கோணமலை நோக்கிச் செல்லும் கரையோரத் தெருவில் காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என்று வரும் ஊர்ப்பெயர்களைக் கேட்டாலே, மரத்தையும் நீர்நிலையையும் பார்த்துக் குடியேறிய முன்னோரின் கண் எத்தகையது என்பது விளங்கும். பனிச்சங்காயின் சாற்றில் வலையைத் தோய்த்து உரமேற்றுவது, நைலோன் நூல் வருமுன் நம் கடற்றொழிலாளர் கையாண்ட வழக்கம். அம்மரத்தின் பெயரைத் தாங்கிய ஊரில் வாவியின் மேல் ஒரு பாலம் இருக்கிறது. மாலை வேளையில் அதன் மீது நின்றால், கண்டற்காட்டின் ஓரமாக வீச்சுவலை விரிந்து விழுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அண்மையில் ஒருநாள் அவ்வாறு நின்றிருந்தபோது ஒரு வான் வந்து நின்றது. உள்ளே ஏழெட்டு இளைஞர்கள். வெளிநாட்டார் அல்லர், நம்மவரே. அவர்களில் ஒருவர் பாலத்தடியில் தோணி கட்டிக்கொண்டிருந்த முதியவரை நோக்கி, "ஐயா, இரவில் இங்கே என்ன இருக்கு?" என்று கேட்டார். முதியவர் நிமிர்ந்து பாராமலே, "ராவைக்கு இஞ்ச இறால்தான் இரிக்கி, மனே" என்றார். அவர்கள் சிரித்தார்கள், வான் வந்த வழியே பாசிக்குடாவை நோக்கித் திரும்பிவிட்டது. அக்கேள்வி மட்டும் என்னுடன் தங்கிவிட்டது. ஒரு கரை என்பது அங்கே என்ன இருக்கிறது என்பதைக் கொண்டன்றி, இரவில் என்ன கிடைக்கும் என்பதைக் கொண்டு மதிக்கப்படும் காலம் வந்துவிட்டது என்று எண்ணினேன்.

மக்கள் எவ்விடத்துக்குப் பயணம் போகிறார்கள், எவ்விடத்தை விலக்குகிறார்கள் என்பதைப் பற்றிப் பேசுவோர் இரண்டு காரணங்களை வெவ்வேறாகச் சொல்வது வழக்கம். யுத்தம் நடக்கும் நாட்டுக்கு எவரும் போகார் என்பது ஒன்று. குடியும் கூத்துமாய் இரவைக் கழிக்கும் இடத்துக்குக் குடும்பத்தார் போகார், அதனை விரும்புவோர் மாத்திரமே போவார் என்பது மற்றையது. இரண்டும் உண்மையே. ஆனால் இவை தனித்தனியான இரு நோய்கள் என்று கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. முன்னது பின்னதற்கு வழி திறந்துவிடுகிறது என்றே எண்ணுகிறேன்.

இலங்கைக்கு வந்த உல்லாசப் பிரயாணிகளின் தொகை 1982-இல் நான்கு இலட்சத்துக்குச் சற்று மேல். 1983 ஆடிக் கலவரத்தின் பின்னர் அது சரியத் தொடங்கி, 1987-இல் இரண்டு இலட்சத்துக்கும் கீழே வீழ்ந்தது. 2018-இல் 23 இலட்சமாக உயர்ந்தது, 2019 ஏப்ரல் 21-ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று நடந்த குண்டுவெடிப்புகளின் பின் அவ்வாண்டு 19 இலட்சமாகக் குறைந்தது. மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் அன்று மாண்ட சிறுவர்களை நாம் மறந்துவிடவில்லை. ஆயினும் இத்தொகைகள் நாடு முழுவதற்கும் உரியவை. ஒரே தீவில் தெற்குக் கரையின் ஹோட்டல்களில் வாத்திய இசை கேட்ட அதே ஆண்டுகளில் கிழக்குக் கரையில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது என்பதை அவை காட்டமாட்டா. 1970-களில் எழுந்த பாசிக்குடா விடுதிகள் கூரையற்ற சுவர்களாய் நின்ற காட்சியை எம் தலைமுறையினர் நேரிற் கண்டனர்.

வாகரைப் பகுதியின் கதை இன்னும் கடுமையானது. 2004 டிசம்பர் 26-ஆம் திகதி கடல் வந்து அள்ளியது. இரண்டாண்டுக்குள் யுத்தம் வந்தது. 2006 நவம்பர் 8-ஆம் திகதி கதிரவெளியில் அகதிகள் தங்கியிருந்த பாடசாலை மீது ஷெல் விழுந்து 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்தின் வசமாவதற்குள் சனங்கள் காடும் களப்பும் கடந்து தெற்கே ஓடிவிட்டனர். இன்று விளம்பரம் எழுதுவோர் இக்கரையைக் 'கைபடாத கரை' என்கிறார்கள். எவர் கை படாத கரை? ஹோட்டல் முதலாளியின் கை படவில்லை என்பது மெய். இங்கே நிலவும் அமைதியில் ஒரு பகுதி இயற்கை தந்தது. மற்றொரு பகுதி, இருந்திருக்க வேண்டியவர்கள் இல்லாமையால் வந்தது. அதனை வேறுபடுத்திக் கேட்கும் செவி பிரயாணிக்கு இராது, ஊராருக்கு உண்டு.

யுத்தம் கேளிக்கைக்கு வழி திறக்கிறது என்றேனே, அதற்கு வருகிறேன். தாய்லாந்தின் பட்டாயா ஒரு காலத்தில் மீனவர் வாழ்ந்த சிற்றூர். வியட்நாம் யுத்தக் காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஓய்வெடுக்க அங்கே வந்தார்கள். படையினரின் ஓய்வுக்கும் களிப்புக்குமாக 1967-இல் இரு அரசாங்கங்களும் ஒப்பந்தமே செய்துகொண்டன. யுத்தம் முடிந்தது, சிப்பாய்கள் போனார்கள், மதுச்சாலைகள் போகவில்லை. இன்று பட்டாயாவுக்குப் போகும் வணிகனோ விடுமுறைக்காரனோ வியட்நாமை நினைப்பதில்லை. ஆனால் அவனை அங்கே இழுக்கும் இரவு அந்த யுத்தத்தில் பிறந்தது. இமயமலைச் சாரலில் ஹிமாசலப் பிரதேசத்துக் கசோல் என்னும் ஊரும் கட்டாய இராணுவச் சேவையை முடித்துக்கொண்டு மனத்தை ஆற்றவரும் இஸ்ரேலிய இளைஞராலேயே பெயர்பெற்றது. துப்பாக்கியைக் கீழே வைத்தவன் தேடும் இடம் அமைதியானதாக இருக்கும் என்று நாம் நினைப்போம். பெரும்பாலும் அவன் தேடுவது கட்டுப்பாடற்ற இடத்தை.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. 2022 பெப்ரவரியில் உக்ரேன் யுத்தம் மூண்டபின் ரஷ்யரும் உக்ரேனியரும் தென்கரையில் நெடுநாள் தங்கலாயினர். 2024 பெப்ரவரியில் உணவட்டுனையில் வெள்ளையர் மட்டுமே வரலாம் என்ற நிபந்தனையுடன் ஒரு விருந்து அறிவிக்கப்பட்டு, நாடெங்கும் எழுந்த கண்டனத்தால் கைவிடப்பட்டது. சொந்தக் கரையில் சொந்த நாட்டான் உள்ளே வரக்கூடாது! அதே ஆண்டு அக்டோபர் 23-ஆம் திகதி, அறுகம்பையில் உல்லாசப் பிரயாணிகள் கூடும் இடங்கள் தாக்கப்படலாம் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தது. இஸ்ரேல் தன் மக்களை உடனே வெளியேறச் சொன்னது. காஸாவில் 2023-இல் மூண்ட யுத்தத்தின் நிழல் பொத்துவில் கரையில் வந்து விழுந்தது. அலைச்சறுக்கு விளையாட வந்தவர் மூட்டை கட்டினர். தேநீர்க் கடைக்காரருக்கு அந்த யுத்தத்தில் என்ன பங்கு? ஓர் இனத்தாரைப் பழிப்பது என் நோக்கமன்று. எந்த நாட்டு யுத்தமாயினும், அதிலிருந்து விலகி வந்தவர் இளைப்பாற நாடும் கரை, தானும் யுத்தத்தால் வறுமையுற்றதாயின், வருபவரை யாரென்று கேட்கும் வலிமை அதற்கு இருப்பதில்லை. பணம் வந்தால் போதும் என்ற நிலையில் இருப்பவனிடம் இரவு பன்னிரண்டு மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல் என்று எவர் சொல்வது?

பிறநாட்டாரை மட்டும் குறை சொல்லித் தப்பிக்கவும் இயலாது. வார இறுதியில் பாசிக்குடாவுக்கு வரும் நம் சுற்றுலா பஸ்களைப் பாருங்கள். பைலாவும் மேளமும் தெருவெல்லாம் கேட்கும்; போத்தல்கள் மணலில் புதைந்து கிடக்கும். எம் உறவினர் குடும்பமொன்று கரையோர விடுதியொன்றில் இரண்டு நாள் தங்குவதாகப் போய், முதல் இரவே அடுத்த அறைக்காரரின் கும்மாளம் தாங்காமல், விடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டது. அவர்கள் புகார் எழுதவில்லை. இனி அப்பக்கம் போவதில்லை என்று தமக்குள் முடிவுசெய்ததோடு சரி. இப்படி ஓசையின்றி விலகிப்போகும் தாய்மாரும் முதியோரும் எந்தத் தொகையிலும் சேர்வதில்லை. வந்தவர் எண்ணிக்கை கூடினால் வெற்றி என்கிறோம். வராமற் போனவரை எண்ணும் கணக்குப் புத்தகம் எந்தத் திணைக்களத்திலும் இல்லை.

இதைச் சொல்வதால் நான் மதுவிலக்குப் பிரசாரம் செய்வதாக எவரும் எண்ணவேண்டாம். தமிழிலே வழிப்பயணிக்கு வழிகாட்டவென்றே ஆற்றுப்படை என ஓர் இலக்கிய வகை உண்டு. அவற்றுள் சிறுபாணாற்றுப்படை, எயிற்பட்டினம் என்னும் கடற்கரை ஊருக்கு வரும் பாணருக்குப் பரதவர் மனையில் பழந்தேறலும் சுட்ட மீனும் கிடைக்கும் என்று சொல்கிறது. கரையும் கள்ளும் வந்தவனும் அன்றும் இருந்த பொருள்களே. ஆனால் அங்கே கொடுப்பவன் வீட்டுக்காரன். எப்போது போதும் என்று சொல்வதும் அவனே. வாடகைக்கு விட்ட கரையில் வீட்டுக்காரன் வேலைக்காரனாகிவிடுகிறான். நம் மாணவர் ஆற்றுப்படையைப் பரீட்சைக்காக மனனம் செய்கிறார்களேயன்றி, அது விருந்தினனையும் விருந்து தருபவனையும் ஒருசேர மதித்த நூல் என்பதை வகுப்பில் எத்தனை பேர் எடுத்துச் சொல்கிறோம்?

செல்வம் படைத்த ஊர் வேண்டாத விருந்தினனை வேண்டாம் என்றே சொல்லலாம். ஆம்ஸ்டர்டாம் நகரம் 2023-இல், குடித்துக் கூச்சலிட வரும் பிரித்தானிய இளைஞரை நோக்கி, வராதீர்கள் என்றே விளம்பரம் செய்தது. பனிச்சங்கேணி அவ்வாறு சொல்லுமா? இந்த இடத்தில் எனக்கு மறுப்புச் சொன்ன ஒரு பழைய மாணவரின் நினைவு வருகிறது. பாசிக்குடா ஹோட்டலொன்றில் அவர் வேலை பார்க்கிறார். "மாஸ்டர், உங்களுக்கு மாதச் சம்பளம் இருக்கு. எங்கட அம்மா குவைத்தில பாத்திரம் கழுவித்தான் என்னைப் படிப்பிச்சவ. இந்த ஹோட்டல் வந்ததால என்ர தங்கச்சி போகத் தேவையில்லாமப் போச்சு" என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை. இருப்பதாக நடிக்கவும் கூடாது. யுத்தம் முடிந்தபின் பாசிக்குடாவில் ஹோட்டல்கள் வரிசையாக எழுந்தபோது கடற்றொழிலாளர் வள்ளம் ஏற்றும் இடம் சுருங்கியது என்பதும் உண்மை. அந்தப் பையனின் தங்கை வீட்டில் இருக்கிறாள் என்பதும் உண்மை.

ஆகவே பனிச்சங்கேணிக்கு எவரும் வரவேண்டாம் என்பது என் கட்சியன்று. எவர் வரவேண்டும் என்பதை, காணி விற்கப்படுமுன், ஊரார் கூடித் தீர்மானிக்கட்டும் என்கிறேன். வாவியில் தோணி ஓட்டுபவர் தோணிக்காரராகவே இருக்கட்டும். தங்குமிடம் ஊரார் வீட்டுத் திண்ணையாகவோ அவர்கள் கட்டிய சிறு குடிலாகவோ இருக்கட்டும். ஒலிபெருக்கி எத்தனை மணிக்கு ஓயவேண்டும் என்பதைக் கிராம அபிவிருத்திச் சங்கம் சொல்லட்டும். வாகரைக் கரையில் வாழும் வேடர் வழிவந்த குடிகளைக் காட்சிப் பொருளாக்காமல், அவர்களே தம் கதையைத் தாம் விரும்பியவருக்குச் சொல்லட்டும். இவை பெரிய திட்டங்கள் அல்ல. ஆனால் முதல் ஹோட்டலின் மதில் எழுந்த பின்னர் இவற்றுள் ஒன்றும் இயலாது.

முதல் விருந்தினராக வரவேண்டியவர் நம் பாடசாலை மாணவர் என்பது என் எண்ணம். சென்ற ஆண்டு இருபது பிள்ளைகளுடன் அங்கே போயிருந்தோம். அந்தத் தோணிக்கார முதியவர் கண்டல் வேரடியில் நண்டு ஒளிந்திருப்பதைக் காட்டினார். 2004-இல் தண்ணீர் எதுவரை ஏறியது என்று ஒரு பனையைத் தொட்டுச் சொன்னார். யுத்தத்தைப் பற்றி ஒரு பிள்ளை கேட்டபோது, "அது மறுகாச் சொல்லுறன், இப்ப சோத்தத் தின்னுங்க" என்று பேச்சை மாற்றிவிட்டார். அவர் மனைவி இறால் கறி வைத்திருந்தார். தலைக்கு இவ்வளவு என்று கேட்டு வாங்க அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. நாங்களே கணக்குப் பார்த்துக் கொடுத்தோம். மாலை பஸ்ஸில் ஏறும்போது, அடுத்த முறை இரவும் தங்கலாமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். இரவில் அங்கே என்ன இருக்கிறது என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.