ராபர்ட் கிளார்க் ஜெயிச்சதுக்குப் பின்னால் இருந்த காடு

அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலச் சட்டசபைக்கு 1967ல் ராபர்ட் கிளார்க் என்ற கறுப்பின வாத்தியார் ஜெயித்துப் போனார். அடிமை முறை ஒழிந்த காலத்தில் கறுப்பினத்தவர் சிலர் அந்தச் சபையில் இருந்தாங்க. அதுக்கப்புறம் இருபதாம் நூற்றாண்டில் இவர்தான் முதல் ஆள். அவரைப் பற்றி எழுதுபவர்கள் எல்லாம் அவருடைய தைரியத்தைத்தான் எழுதுறாங்க. தைரியம் உண்டுதான். ஆனா விவசாயி கண்ணுக்கு வேற ஒண்ணு தெரியுதுங்க.

அவர் ஊர் ஹோம்ஸ் கவுண்டி. நம்ம தாலுகா மாதிரி வெச்சுக்கோங்க. பருத்தி பூமி. மிசிசிப்பியில் பெரும்பாலான கறுப்பின மக்கள் வாரத்துக்கு உழுதவங்க. குடியிருக்கும் வீடும் பண்ணைக்காரனுது. விதைக்கும் சாப்பாட்டுக்கும் அவன்கிட்டயே கடன். சன்ஃபிளவர் கவுண்டியில் ஃபேனி லூ ஹேமர் என்ற அம்மா 1962ல் ஓட்டுக்குப் பேர் பதியப் போனார். பதினெட்டு வருஷம் வேலை செய்த பண்ணையிலிருந்து அவரைக் கிளப்பி விட்டுட்டாங்க. அப்புறம் யாருக்குங்க ஓட்டுக் கேட்க மனசு வரும்?

ஹோம்ஸில் மைல்ஸ்டன் என்ற இடம் மட்டும் வேற மாதிரி. ரூஸ்வெல்ட் ஆட்சியில் அரசாங்கம் அங்கே பண்ணை நிலங்களை வாங்கி, துண்டு போட்டு, நூறு கறுப்பினக் குடும்பங்களுக்கு மேல் நீண்டகாலக் கடனில் கொடுத்தது. அவங்களும் பருத்தி போட்டுக் கடனை அடைச்சு நிலத்தைச் சொந்தமாக்கிட்டாங்க. 1963 ஏப்ரலில் கோர்ட்டு வாசலுக்கு ஓட்டுப் பதியப் போன 14 பேர் இந்த மைல்ஸ்டன் ஆளுங்கதான். "யார் முதல்ல?" என்று கேட்டப்போ ஹார்ட்மன் டர்ன்போ என்ற சம்சாரி முன்னால் வந்தார். அடுத்த மாசம் அவர் வீட்டுக்குத் தீக்குண்டு போட்டாங்க. அவர் துப்பாக்கியை எடுத்துத் திருப்பிச் சுட்டார். கடைசியில், தன் வீட்டைத் தானே கொளுத்தினார்னு சொல்லி அவரையே கைது பண்ணினாங்க! ஆனா காட்டை விட்டுக் கிளப்ப முடியலை. போராடப் போய் ஜெயிலில் கிடந்த பிள்ளைகளுக்கு மைல்ஸ்டன்காரங்க நிலத்தையே ஜாமீன் வெச்சாங்க.

எங்கப்பாவும் குத்தகைக்கு உழுதவர். நிலத்துக்காரர் கைகாட்டுற சின்னத்துக்குத்தான் எங்க வீட்டு ஓட்டு. அப்பா கோழை இல்லை, அடுத்த போகத்துக்கு உழ நிலம் வேணுமே. அதனால் இந்தக் கதை எனக்குச் சுருக்குனு பட்டது.

1965ல் ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. பேர் பதிய, கூட்டம் போட, கிராமம் கிராமமாகப் போக அங்கே ஏற்கனவே ஆள் இருந்தாங்க. அந்த வேலைமேல்தான் கிளார்க் ஜெயிச்சார். அவர் தோற்கடித்தவர் சட்டசபைக் கல்விக் குழுத் தலைவர்.

சபையில் இரண்டு பேர் சேர்ந்து உட்காரும் மேசை. இவர் பக்கத்தில் யாரும் உட்காரலை. எட்டு வருஷம், 1976 வரைக்கும், அங்கே ஒரே கறுப்பின உறுப்பினர் அவர்தான். கத்திட்டு வெளியே வந்திருக்கலாம். அந்த மனுஷன் உட்கார்ந்தே இருந்தார். 1977ல் அதே கல்விக் குழுவுக்குத் தலைவரானார். 1982ல் வந்த கல்விச் சீர்திருத்தச் சட்டத்தில் அவர் கை பெரிசு. அதுக்கப்புறம்தான் அந்த மாநிலத்துப் பள்ளிகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் அரசுச் செலவில் மழலையர் வகுப்பு வந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகளும் அதில்தான் படிச்சாங்க.

அதே வருஷமும் 1984லும் நாடாளுமன்றத்துக்கு நின்றார், இரண்டு தடவையும் தோல்வி. ஹோம்ஸ் ஜனங்கள் மட்டும் அவரைக் கைவிடலை. 2003 முடிவில் அவராக ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு மகன் பிரையன்ட் வந்தார். 2025 மார்ச்சில் 96 வயதில் கிளார்க் காலமானார்.

இரங்கல் செய்திகளில் அந்தத் தனி மேசை வந்தது. மைல்ஸ்டன் பேரைத்தான் தேட வேண்டியிருந்தது.